வீல் கறுக்காத பிரேக் பேடு: கார்வெட் சி6-க்கு எதைப் போடலாம்?

டெக்சாஸில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. வண்டி 2008 கார்வெட் சி6 (செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார், ஆறாம் தலைமுறை), கூடுதல் செயல்திறனுக்கான இசட்51 பேக்கேஜ், குரோம் வீல். சனிக்கிழமை கழுவித் துடைத்தால் செவ்வாய்க்கிழமைக்குள் முன் வீல் இரண்டும் அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறதாம். பெரும்பாலும் ஊருக்குள்ளும் ஹைவேயிலும்தான் ஓட்டம். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் ஆஸ்டினில் இருக்கிற சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் ரேஸ் டிராக்குக்கு எடுத்துப் போகிறார். "தூசு குறைவான பேடு போட்டால் டிராக்கில் பிரேக் பிடிக்குமா? இரண்டுக்கும் ஒரே பேடு உண்டா?" என்று கேட்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே பேடு கிடையாது. சாலைக்கு ஒரு நல்ல செராமிக் பேடு செட் வாங்குங்கள், டிராக்குக்குத் தனியாக இன்னொரு செட் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்குக்கு முந்தைய நாள் மாலை மாற்றுங்கள், திரும்பி வந்ததும் மறுபடி மாற்றுங்கள். சி6-இல் இது வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிந்துவிட்டால் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பேடு தேய்ந்து வரும் தூள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாதிதான் சரி. பேடு அழுத்திப் பிடிக்கிற, சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டான டிஸ்க்கும் கூடவே தேய்கிறது. டிஸ்க் வார்ப்பிரும்பு, அதிலிருந்து உதிர்வது இரும்புத்தூள். பேடிலும் எஃகு நார், இரும்புப் பொடி கலந்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். மீதி, பேடில் இருக்கிற கரியும் கிராஃபைட்டும் பிசினும். இந்த இரும்புத்துகள் சூடாகப் பறந்து வந்து வீலின் மேல்பூச்சில் உட்காருகிறது. இரண்டு நாள் பனியும் ஈரமும் பட்டால் உட்கார்ந்த இடத்திலேயே துருப்பிடிக்கிறது. கழுவிய பிறகும் போகாமல் நிற்கிற காபி நிறப் புள்ளிகள் அவைதான். ஆகவே உங்கள் பிரச்சினை அழகு மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. வீலின் ஆயுளும் இதில் இருக்கிறது.

பேடு டிஸ்க்கைப் பிடிப்பது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று அரைத்துப் பிடிப்பது. பேடில் இருக்கிற கடினமான துகள்கள் டிஸ்க்கின் முகத்தைச் சுரண்டும், அந்தச் சுரண்டலில் வண்டி நிற்கும். இன்னொன்று ஒட்டிப் பிடிப்பது. பேடின் பொருள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய படலமாக டிஸ்க் மேல் படிந்துவிடும். அதற்கப்புறம் பேடு உரசுவது இரும்போடு இல்லை, தன் சொந்தப் பொருளோடு. அந்த இரண்டும் கணத்துக்குக் கணம் ஒட்டி, பிய்ந்து, மறுபடி ஒட்டுகிறபோது பிடிப்பு கிடைக்கிறது. எல்லா பேடிலும் இந்த இரண்டும் நடக்கும். எது அதிகம், எது குறைவு என்பதில்தான் பேடுக்கும் பேடுக்கும் வித்தியாசம்.

அரைத்துப் பிடிக்கிற பேடு குளிரிலும் பிடிக்கும், அதிகச் சூட்டிலும் பிடிக்கும். பெடலில் கால் வைத்ததும் கப்பென்று கவ்வும். அதற்கான விலைதான் டிஸ்க் தேய்மானமும் கரித்தூளும். ஸ்போர்ட்ஸ் காருக்கு, முக்கியமாக ஐரோப்பியக் கார்களுக்கு, கம்பெனியிலிருந்தே வருகிற பேடுகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் சாய்ந்தவை. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதியில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிற ஒருவர் திடீரென்று அழுத்தினாலும் நிற்க வேண்டும் என்ற கணக்கில் தயாரிக்கப்படுபவை. உங்கள் சி6-இன் கம்பெனி பேடும் இதே கணக்குதான். 430 குதிரைத்திறன் வண்டியை எவர் எப்படி ஓட்டுவார் என்று தெரியாது. ஆகவே வீல் கறுத்தாலும் பரவாயில்லை, பிரேக் கைவிடக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

செராமிக் பேடு என்பது ஒட்டிப் பிடிக்கிற பக்கம் சாய்ந்தது. எஃகு நாருக்குப் பதிலாக செராமிக் நார், கனிமப் பொடிகள், பிசின் எல்லாம் சேர்ந்த கலவை. டிஸ்க்கை அதிகம் சுரண்டாது. வருகிற கொஞ்சத் தூளும் வெளிர் சாம்பல் நிறமாக இருக்கும். வீலில் அவ்வளவாக ஒட்டாது. தண்ணீர் பீய்ச்சினாலே போய்விடும். சத்தமும் குறைவு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். செராமிக் பேடு வேறு, கார்பன்-செராமிக் டிஸ்க் வேறு. சி6-இலேயே 2009 முதல் 2013 வரை வந்த இசட்ஆர்1 மாடலில் கார்பன்-செராமிக் டிஸ்க் உண்டு. அதற்கென்று செய்த பேடைத்தான் அதில் போட வேண்டும். இரும்பு டிஸ்க்குக்கான பேடை அதில் மாட்டினால் பெரும் விலையுள்ள டிஸ்க் வீணாகிவிடும். உங்கள் இசட்51-இல் இருப்பது வார்ப்பிரும்பு டிஸ்க், முன்னால் 340 மில்லிமீட்டர், துளை போட்டது. அதனால் கவலை வேண்டாம்.

அப்படியென்றால் செராமிக்கையே போட்டுக்கொண்டு டிராக்குக்கும் போய்விடலாமே என்று தோன்றும். அங்கேதான் சூடு குறுக்கே நிற்கிறது. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1550 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 6 லட்சம் ஜூல். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்க அது போதும். ஒரே ஒரு தடவை பிரேக் பிடித்ததற்கு இவ்வளவு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் விஷயத்தில் பலர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

இப்போது ஊருக்குள் 60-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், சிக்னலில் நிறுத்துகிறீர்கள். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் மொத்தத்தில் சுமார் 35 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும் என்றும், ஒரு டிஸ்க் 9 கிலோ எடை என்றும் வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் டிஸ்க்கின் சூடு சுமார் 18 டிகிரி ஏறுகிறது. அடுத்த சிக்னலுக்குள் அது காற்றில் ஆறிவிடும். இந்தச் சூட்டுக்கு எந்தப் பேடும் அசையாது.

சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸில் 11-ஆம் வளைவைத் தாண்டினால் நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் 12-ஆம் வளைவு. அங்கே 220-இலிருந்து 100-க்கு இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். அதே கணக்கில் முன் டிஸ்க் ஒரே அழுத்தத்தில் கிட்டத்தட்ட 190 டிகிரி ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு. 5.5 கிலோமீட்டர் சுற்றில் 20 வளைவுகள். அதில் முதல் வளைவு, 11, 12 என்று பலமாக அழுத்த வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஒரு டிராக் அமர்வு பொதுவாக 20 நிமிடம். இரண்டாம் மூன்றாம் சுற்றிலேயே டிஸ்க் சாலைப் பேடு தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன ஆகும்? பேடைக் கட்டி வைத்திருப்பது ஃபீனாலிக் பிசின். சாலைப் பேடுகளில் 300 முதல் 400 டிகிரி வாக்கில் அது சிதையத் தொடங்கி வாயுவாக வெளியே வரும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அந்த வாயு புகுந்துகொண்டால் பெடல் கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. காலில் முழு பலத்தையும் போட்டு மிதிப்பீர்கள், வளைவு மட்டும் நெருங்கிக்கொண்டே வரும். அந்த உணர்வு ஒரு முறை வந்தவருக்கு அப்புறம் பேடின் விலையைப் பற்றி யோசிக்கவே தோன்றாது.

இதோடு சேர்த்து பிரேக் ஆயிலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெடல் மெத்தென்று ஆகித் தரைவரை போனால் அது பேடின் குற்றம் இல்லை, ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். டாட் 4 தர ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அதற்கான அளவுகோல் 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. டிராக்குக்குப் போகிறவர் வருடா வருடம் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த பேடு போட்டாலும் பழைய ஆயில் அதைக் கவிழ்த்துவிடும்.

சரி, எதை வாங்கலாம்?

சாலைக்கு: சி6-க்கு எளிதில் கிடைப்பதில் ஹாக் பெர்ஃபார்மன்ஸ் செராமிக் ஒன்று, இபிசி ரெட்ஸ்டஃப் ஒன்று. இரண்டும் தூசைக் குறைப்பதையே முக்கிய நோக்கமாகச் சொல்லி விற்கப்படுபவை. உங்கள் ஓட்டத்துக்கு என் முதல் தேர்வு ஹாக் செராமிக். முதல் மிதியில் கம்பெனி பேடு அளவுக்குக் கவ்வாது. கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். முதல் வாரம் அது நெருடும், அப்புறம் கால் பழகிவிடும். நிற்கும் தூரம் இதனால் நீண்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். சாலை வேகத்தில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்கு இவையும் பிடிக்கும். அதற்கு மேல் டயர்தான் எல்லை.

ஹாக்கிலேயே எச்பிஎஸ் என்று இன்னொன்று உண்டு. அதன் பிடிப்பு செராமிக்கைவிட உறுதியானது, தூசும் கொஞ்சம் அதிகம். மலைப்பாதையில் உற்சாகமாக ஓட்டுகிற பழக்கம் இருந்தால் அதைப் பார்க்கலாம். எச்பி பிளஸ் என்பதை மட்டும் பெயர் ஒற்றுமையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அது சாலையிலும் சின்ன டிராக் நாளிலும் சமாளிக்கும் என்று போடுவது. கீச்சுச் சத்தமும் தூசும் கம்பெனி பேடையே நல்லது என்று சொல்ல வைத்துவிடும். இபிசியில் யெல்லோஸ்டஃப்பும் அதே மாதிரி ரெட்ஸ்டஃப்பைவிட உக்கிரமானது. உங்கள் புகார் வீல் கறுப்பதைப் பற்றித்தான் என்பதால் இரண்டுமே உங்களுக்கு வேண்டாம். ஐரோப்பியக் கார் வைத்திருக்கிற வேறு யாராவது இதைப் படித்தால், அகெபோனோ யூரோ வரிசையும் ஏடிஈ செராமிக்கும் அந்தக் கார்களின் தூசுக்கென்றே வந்தவை. முதலில் அவற்றைப் பாருங்கள்.

டிராக்குக்கு: ஹாக் டிடிசி-60 போன்ற உண்மையான டிராக் பேடு. அது பயங்கரமாகத் தூசு விடும், சிக்னலில் லாரி மாதிரிக் கத்தும், குளிர்ந்திருக்கும்போது பிடிப்பும் குறைவு. ஆனால் 20 நிமிடம் முழுக்க முதல் மிதியும் கடைசி மிதியும் ஒரே மாதிரி இருக்கும். டிராக்கில் நமக்கு வேண்டியது அதுதான். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தூசை அன்றைக்கே கழுவிவிடுங்கள். டிராக் பேடின் தூள் மீது இரவுப் பனி பட்டால் குரோமுக்கு அது பெரும் கேடு.

சி6-இன் வேறு வகைகளான இசட்06 அல்லது கிராண்ட் ஸ்போர்ட் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வண்டிகளின் முன் காலிபரில் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வி) ஆறு பிஸ்டன். கம்பெனி அமைப்பில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஒரு குட்டிப் பேடு. வெளிச்சந்தையில் பல கம்பெனிகள் அதை ஒரு பக்கத்துக்கு ஒரே நீளப் பேடாகச் செய்து தருகின்றன. உங்கள் இசட்51-இல் இரண்டு பிஸ்டன் நகரும் காலிபர், அதற்கு வேறு பேடு. வெறுமனே "சி6" என்று மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் தவறான பெட்டி வந்து சேரும்.

முன்னால் மட்டும் செராமிக் போட்டுவிட்டுப் பின்னால் பழைய பேடையே விட்டுவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள், தூசு முன்னால்தானே அதிகம் என்று. வேண்டாம். முன்-பின் பிரேக் பங்கீடும், ஏபிஎஸ் மற்றும் நிலைப்புக் கட்டுப்பாட்டின் கணக்கும் இரண்டு பக்கமும் ஒரே குணமுள்ள பேடு இருக்கும் என்று நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் பிடிப்பு குறைந்து பின்னால் அப்படியே இருந்தால் பின் சக்கரம் முன்கூட்டியே வழுக்கப் பார்க்கும். மழையில், அதுவும் பின்சக்கர ஓட்டமுள்ள காரில், இது விளையாட்டான விஷயம் இல்லை.

கடையில் பெட்டியைப் பார்க்கிறபோது பேடின் முதுகுத்தகட்டிலோ ஓரத்திலோ அச்சடித்திருக்கிற எழுத்துகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டு எழுத்து சேர்ந்து வரும்: எஃப்எஃப், ஜிஜி, எஃப்இ என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதையும் சொல்கிறது. இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி 0.45 முதல் 0.55 வரை. சூடானபின் பிடிப்பு எந்தப் பக்கம் போகிறது என்பது இரண்டாவது எழுத்தில் தெரியும். எஃப்இ என்றால் சூடேற ஏறக் குறைகிறது. உங்கள் வண்டிக்கு இரண்டு எழுத்தும் எஃப்-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும், இது ஆய்வகத்தில் ஒரு சின்னத் துண்டை உரசிப் பார்த்து எடுத்த எண். தூசு, சத்தம், டிராக்கில் தாங்கும் சூடு எதையும் இது சொல்லாது.

பக்கத்திலேயே இலைச் சின்னமும் ஏ, பி, என் என்று ஓர் எழுத்தும் இருக்கும். இதன் கதை சுவாரசியமானது. பேடில் செம்பு நெடுங்காலமாக ஒரு முக்கியப் பொருள். சூட்டைச் சீக்கிரம் கடத்தும், படலத்தை நன்றாகப் படிய வைக்கும். ஆனால் பேடிலிருந்து உதிர்ந்த செம்பு மழைநீரோடு ஓடைக்கும் ஆற்றுக்கும் போய், சால்மன் மீன்களின் மோப்பத் திறனைக் கெடுப்பது தெரிய வந்தது. 2010-இல் வாஷிங்டன் மாநிலமும் கலிஃபோர்னியாவும் சட்டம் கொண்டுவந்தன. 2021-இலிருந்து பேடில் செம்பு எடையில் 5 சதவீதத்துக்குக் கீழே, 2025-இலிருந்து 0.5 சதவீதத்துக்குக் கீழே. என் என்ற எழுத்தும் மூன்று இலையும் இருந்தால் அந்தக் கடைசி அளவை எட்டிய பேடு. இரண்டு மாநிலத்துக்கு மட்டும் தனியாகப் பேடு செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதால் அமெரிக்கா முழுவதுக்குமான கலவைகள் மாறின.

இதில் உங்களுக்கு நேரடியாக உதவும் விஷயம் ஒன்று இருக்கிறது. 2012-இல் யாரோ "இந்தப் பேடு அருமை, தூசே இல்லை" என்று எழுதியிருப்பதைப் படிக்கிறீர்கள். அதே பெயரில் இன்றைக்குக் கிடைக்கிற பேடு அதே கலவையாக இருக்க வேண்டும் என்று இல்லை. செம்பை எடுத்துவிட்டு வேறெதையோ சேர்த்திருக்கலாம். புகழுக்கும் இது பொருந்தும், புகாருக்கும் பொருந்தும். கடந்த இரண்டு மூன்று வருடத்தில், உங்களைப் போன்ற ஓட்டமுள்ளவர் எழுதிய அனுபவத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மாட்டுகிற விஷயம். நல்ல பேடைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான்.

சில வருடங்களுக்கு முன் என் வண்டியில் டிராக் பேடைக் கழற்றிச் செராமிக் போடும் வேலையை, நேரமில்லாமல் ஒரு பட்டறையில் விட்டேன். டிஸ்க்கைத் தொடாமல் பேடை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். 300 மைல் ஓடியதும் 60 மைல் வேகத்தில் பிரேக் வைத்தால் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. திரும்பப் போனபோது "டிஸ்க் வளைந்துவிட்டது, கடைசல் போட வேண்டும், இல்லையென்றால் புதிது வாங்குங்கள்" என்றார்கள். வீட்டுக்கு வந்து, நுண்ணிய கோணலையும் அளக்கிற டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். டிஸ்க் நேராகத்தான் இருந்தது. பழைய டிராக் பேடின் படலம் மேலே செராமிக்கின் படலம் ஒட்டாமல் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. மேடும் பள்ளமுமாக அதைக் கடக்கும்போதுதான் நடுக்கம். டிஸ்க்கைக் கழற்றி உப்புத்தாளால் இரண்டு முகத்தையும் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து, பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, பேடின் முகத்தையும் லேசாகத் தேய்த்து, மறுபடி முறையாகப் பழக்கினேன் (அது எப்படி என்று கீழே சொல்கிறேன்). நடுக்கம் போயே போய்விட்டது. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆகவே கம்பெனி பேடிலிருந்து செராமிக்குக்கு மாறும்போது ஒன்று புது டிஸ்க் போடுங்கள், அல்லது இருக்கிற டிஸ்க்கின் பழைய படலத்தைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். தடிமன் போதுமானதாக இருந்தால் மட்டும் கடைசல். எந்தத் தடிமனுக்குக் கீழே போகக்கூடாது என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வசதி இருந்தால் டிராக் பேடுக்குத் தனி டிஸ்க் ஜோடி வைத்துக்கொள்வது மிக நல்லது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். டிஸ்க் வாங்கும்போது துளையோ கீறலோ இல்லாத மொட்டை டிஸ்க்காக வாங்குங்கள். துளையும் கீறலும் ஒவ்வொரு சுற்றிலும் பேடைக் கொஞ்சம் சீவிவிடும், அந்தச் சீவலும் வீலில்தான் வந்து சேரும். டிராக் சூட்டில் துளையைச் சுற்றி விரிசல் விழுவதும் சகஜம்.

காலிபர் நகர்வதற்கு உதவும் வழுக்குப் பின்களைக் கழற்றித் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பழைய தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். இங்கே மட்டுமில்லை, ஊரிலும் பட்டறைகளில் இதைப் பார்க்கலாம், பையன்கள் முகத்துக்கு நேராக ஊதிக்கொண்டிருப்பார்கள். கிளீனரை நனையத் தெளித்து, துணியால் துடைத்தெடுங்கள். அது மூச்சுக்குள் போகவே கூடாத தூள்.

அப்புறம் பழக்குவது. பேடு பெட்டியில் கம்பெனி ஒரு முறையைச் சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். பொதுவான முறை இது: காலியான சாலையில் 60 மைல் வேகத்திலிருந்து 10 மைலுக்கு, ஏபிஎஸ் துடிக்காத அளவுக்கு ஓரளவு பலமாக, எட்டு முதல் பத்து தடவை அழுத்துங்கள். நடுவில் முழுதாக நிறுத்தாதீர்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேடு இருக்கும் இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும். மேலே சொன்ன நடுக்கத்துக்கு அது இன்னொரு காரணம். ஒரு வாடை வரும், பயப்பட வேண்டாம். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு, வீட்டில் நிறுத்தி முழுக்கக் குளிரவிடுங்கள். சரியாகப் பழகிய டிஸ்க்கின் முகம் முழுக்க ஒரே சீரான நீலச்சாம்பல் நிறமாக இருக்கும். செராமிக் பேடின் குறைந்த தூசு என்பதே இந்தப் படலம் ஒழுங்காகப் படிவதைப் பொறுத்ததுதான். இதைச் செய்யாமல் "செராமிக் போட்டும் தூசு வருகிறது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டுகிற தூசு மறைப்புத் தகடு என்று ஒன்று விற்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் அதை மாட்டவே மாட்டாதீர்கள். வீலின் ஆரங்களுக்கு நடுவே போகும் காற்றுதான் டிஸ்க்கை ஆற்றுகிறது. அதை அடைத்தால் மேலே போட்ட சூட்டுக் கணக்கு முழுக்க உங்களுக்கு எதிராகத் திரும்பும். வீலைக் கழுவும்போது ஆறிய வீலில், அமிலம் இல்லாத கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள். இரும்புத்துகளைக் கரைத்து ஊதா நிறமாக மாறும் கிளீனர்கள் சாதாரண அலாய் வீலுக்கு அற்புதமானவை. குரோமுக்கு ஏற்றதா என்று புட்டியில் எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தூசுக்கு முழுத் தீர்வு பேடில் இல்லை, டிஸ்க்கில்தான் வரும் என்று நினைக்கிறேன். டிஸ்க் தேயாவிட்டால் இரும்புத்தூளே இல்லையே. போர்ஷே 2017-இல் கெயென் காரோடு கொண்டுவந்த பிரேக்கில் வார்ப்பிரும்பு டிஸ்க் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூசியிருக்கிறார்கள். சாதாரண டிஸ்க்கைவிடத் தூசு 90 சதவீதம் வரை குறைவு என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. தூசு தெரியாது என்ற நம்பிக்கையில் காலிபருக்கு வெள்ளை நிறமே கொடுத்தார்கள். ஐரோப்பாவின் யூரோ 7 விதி, வரலாற்றில் முதல் முறையாகப் பிரேக் தூசுக்கும் வரம்பு வைக்கிறது. பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் கார்கள் பெரும்பாலானவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் காருக்கு 3 மில்லிகிராம். 2026 நவம்பரிலிருந்து புது மாடல்களுக்கு இது அமல். அங்கே அளப்பது காற்றில் மிதக்கும் நுண்துகளை, வீலில் தெரியும் கறுப்பை இல்லை. வீல் வெள்ளையாக இருப்பதால் மட்டும் காற்று சுத்தமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனால் டிஸ்க் பூச்சு சாதாரண விலைக்கு வந்துவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆட்களே குறைந்துவிடுவார்கள்.

கடைசியாக, காசு செலவழிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம் வீலைக் கழுவாமல் விட்டு, முன் இடது வீலையும் முன் வலது வீலையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு கறுத்திருந்தால் அது பேடின் குணம். மேலே சொன்னபடி செராமிக் வாங்கலாம். ஒன்று மட்டும் கூடுதலாகக் கறுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் காலிபரின் வழுக்குப் பின் இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் திரும்பி வரவில்லை. காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கிறது. அதை முதலில் சரிசெய்யாமல் எந்த பேடைப் போட்டாலும் அந்த வீல் கறுத்துக்கொண்டேதான் இருக்கும்.